இரண்டாவது எர்த்

என் மாமாவின் வேன் சாயங்காலத்தில் மட்டும் நின்றுபோகும். காலையில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பெண்களை ஏற்றி, நாரணாபுரத்தை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் அந்த வேனுக்கு வேலை. பட்டாசுக் கம்பெனியை நாங்கள் பயராபீஸ் என்போம். அம்மா அங்கே பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். எவ்வளவு தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாலும் அவளுடைய நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளிப் பூச்சு போல மின்னிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

புரட்டாசி பிறந்ததும் கோளாறு தொடங்கியது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். திரும்பி வரும் வழியில் ரயில்வே பாலத்து ஏற்றத்தில் வேன் திடீரென்று இழுவை இல்லாமல் போய், நொண்டி நொண்டி நின்றுவிடும். செக் லைட் எரியும். சாவியை அணைத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடியும் நிற்கும். சில நாள் பெண்கள் இறங்கி இருட்டுக்குள் நடந்தே ஊருக்கு வந்தார்கள். கம்பெனியில் வண்டி ஓட்டங்களைப் பார்த்துக்கொள்கிற போர்மேன் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை வழியில் நின்றால் அந்த ஓட்டத்தை ஒரு பஸ்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும், ஊருக்குள் வராது. அது பெண்களுக்கு ஒரு கஷ்டம். மாமாவுக்கோ அந்த ஓட்டம் போனால் வேறு ஓட்டமே இல்லை.

நான் விருதுநகர் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். ஸ்கேனரும் வயரிங்கும் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஆட்டோமொபைல் டிப்ளமோவும் முடித்தேன். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. படிக்கிற காலத்தில் காலையில் இந்த வேனில்தான் ஏறி மெயின் ரோட்டில் இறங்கி, காலேஜ் பஸ்ஸைப் பிடிப்பேன். அதனால் மாமா வண்டியைக் கொண்டுவந்து எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியபோது, இதை நான்தான் சரி செய்ய வேண்டும் என்று மனதுக்குள் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ரெயில் சென்சாரைக் காட்டியது. இன்ஜினுக்குள் பாய்வதற்கு முன்னால் டீசல் கடும் அழுத்தத்தில் ஒரு தடித்த குழாயில் நிற்கும். அதற்குப் பெயர் ரெயில். அந்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து இன்ஜினின் மூளைப் பெட்டிக்குச் சொல்வதுதான் சென்சாரின் வேலை. சிவகாசியில் முதலில் பார்த்த மெக்கானிக் ஏற்கனவே அதை மாற்றிவிட்டார். நாங்களும் வேறொன்றைப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"சென்சாரு புதுசு. பைப்புல கசிவு இல்ல. பம்பு நல்லாயிருக்கு. மிச்சம் இருக்கது மூளப்பெட்டிதான். அத மாத்திப் பாத்திர வேண்டியதுதான்," என்றார் எங்கள் முதலாளி.

"மூளைய மாத்துற வெலைக்கு வண்டியவே தலமுழுகிரலாம்ணே," என்றார் மாமா.

நான் சென்சாரின் மூன்று ஒயர்களையும் மூளைப் பெட்டி வரைக்கும் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது ஒயர்களை ஆட்டினேன், வளைத்தேன், சாக்கெட்டை இழுத்தேன். ஒன்றும் பிசகவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற வண்டியைப் போல ஒரு மெக்கானிக்கைச் சிறுமைப்படுத்துவது வேறொன்றும் இல்லை. மாமா ஓரமாக நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமகளே, ஒன் கம்ப்யூட்டரு ஒண்ணும் இல்லங்குது. வண்டி நிக்குது. ரெண்டுல எத நம்ப?"

ஸ்கேனரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அந்தக் கேள்வியே ஓடியது. காலையும் மாலையும் அதே சாலை, அதே பாலம், அதே பெண்கள், அதே டீசல். சாயங்காலத்துக்கு மட்டும் அப்படி என்ன இருக்கிறது? ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் பார்த்ததெல்லாம் நல்ல வெயிலில். கோளாறு இருக்கிற நேரத்தில் நாங்கள் அதைச் சந்திக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முதலாளியிடம் ஸ்கேனரை வாங்கிக்கொண்டு மாமாவோடு கிளம்பினேன்.

பயராபீஸ் கேட்டுக்குள் செல்போன்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஸ்கேனருக்கும் அதே கதிதான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேனோடு காத்திருந்தேன். சங்கு ஊதியது. பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வேனில் ஏறும் முன்னால் ஒவ்வொருவரும் கதவோரத்தில் திருகி வைத்திருந்த ஒரு செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டு ஏறினார்கள். உள்ளே மருந்து அறைகளின் வாசலிலும் இதே போன்ற தகடு உண்டு. நடக்க நடக்கச் சேலையில் மின்சாரம் பிறக்கும். மருந்துப் பொடி ஒட்டிய சேலையோடு அதை உடம்பில் வைத்துக்கொண்டு திரியக் கூடாது. தகட்டைத் தொட்டால் அது எர்த் ஒயர் வழியாக இறங்கிவிடும். யாரும் தனியாக நினைத்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றுவது போலக் கை தானாகப் போகும். வேனுக்கும் ஒரு தகடு இருக்கட்டும் என்று இந்த சீசன் ஆரம்பத்தில் போர்மேன் தன் கையாலேயே அதை வைத்துக் கொடுத்திருந்தார். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் முன்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏத்தா, மடியில என்ன டிவியா? நாடகம் தெரியுமா அதுல?" என்று பின்னாலிருந்து ஒரு அத்தை கேட்டாள்.

"ஒங்க வேன் நாடகந்தான் ஓடுது அத்த. அழுக இன்னும் வரல."

"பாலத்துக்கு வா. அங்கன வரும்."

வேன் முழுக்கச் சிரிப்பு. "சும்மா வாங்கடி, அவ எதையோ பாத்துக்கிட்டு இருக்கா," என்றாள் அம்மா. என் வேலையை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் எட்டி எட்டித் திரையைப் பார்ப்பது எனக்குத் திரும்பாமலே தெரிந்தது.

கரிசல் காட்டுக்கு மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திரையில் அழுத்தத்தின் எண் ஒழுங்காக நின்றது. மாமா ஹெட்லைட்டைப் போட்டார்.

எண் ஒரு துள்ளு துள்ளி மேலே போனது. சாலை சமமாகத்தான் இருந்தது. மாமாவின் கால் அசையவில்லை. துள்ளிய எண் உடனே பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் இன்ஜின் சத்தம் ஒரு படி தளர்ந்திருந்தது.

"மாமா, அந்த டீக்கடைகிட்ட ஓரங்கட்டுங்க. இன்ஜின அணைக்காதீக."

வேன் நின்றது. லைட்டை அணைக்கச் சொன்னேன். போடச் சொன்னேன். மறுபடி அணைக்கச் சொன்னேன். பெண்களுக்காக மாமா மாட்டியிருந்த குட்டி ஃபேன்களையும் அப்படியே செய்யச் சொன்னேன். ஒவ்வொரு முறை போடும்போதும் எண் துள்ளியது. டீசல் ரெயிலுக்கும் ஹெட்லைட்டுக்கும் எந்த உறவும் கிடையாது. இருக்கவும் கூடாது.

"என்னடி, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி போட்டுப் போட்டு அணைக்கிறீக?" என்றாள் அதே அத்தை. "வீட்டுல ஒல வைக்கணும் தாயி."

மழை பெய்த ஒரு காலையிலும் வண்டி நின்றது என்று மாமா எப்போதோ சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு வைப்பரும் லைட்டும் போட்டிருப்பார். ஆவணி வரைக்கும் வேலை முடிந்து வீடு வந்து சேர வெளிச்சம் மிச்சமிருந்தது. புரட்டாசியில் பொழுது சுருங்கியது. வண்டி சாயங்காலத்தில் நிற்கவில்லை. லைட்டைப் போட்டால் நின்றது.

அன்று ஃபேன்களை எல்லாம் அணைத்துவிட்டு, லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு பாலத்தில் ஊர்ந்து ஏறினோம். நிற்கவில்லை. பெண்கள் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைத் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு முன்னால் வேனைத் திறந்துபோட்டேன். பகல்தான், ஆனாலும் ஹெட்லைட்டையும் ஃபேன்களையும் போட்டு வைத்தேன். சென்சாரின் மூன்று ஒயரில் கறுப்பு ஒயர்தான் அதற்கு அடித்தளம். எந்த அளவையும் எங்கிருந்தோ தொடங்கித்தான் அளக்க முடியும். சென்சார் தன் பூஜ்யத்தைக் கறுப்பு ஒயரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை அந்தக் கறுப்பு ஒயரிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் ஏறி நின்றது. லைட்டை அணைத்தால் இறங்கியது.

அதாவது சென்சாரின் பூஜ்யமே இடம் மாறிக்கொண்டிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. தூக்கி நிறுத்திய தரையில் நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த உயரத்தைச் சொன்னது. மூளைப் பெட்டி அதை நம்பி, அழுத்தம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, பாரத்தோடு ஏற்றத்தில் ஏறுகிற நேரத்தில் இன்ஜினுக்கு டீசல் பத்தாமல் போனது. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வண்டி நின்றது.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையாத இடத்தில், ஒரு டேப் சுற்று தட்டுப்பட்டது. உரித்தேன். உள்ளே தடித்த செம்புக் கம்பி ஒன்று அந்த மெல்லிய ஒயரோடு முறுக்கப்பட்டிருந்தது. ஏனோதானோ என்று செய்த வேலையாக இருந்தால் அவசரம் தெரியும். இதில் அவசரமே இல்லை. சீராக, இறுக்கமாக, நுனியை மடக்கிவிட்டு, மேலே இரண்டு சுற்று டேப். செம்புக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தேன். வழியில் பாடியின் ஒரு போல்ட்டில் ஏறி இறங்கி, கதவோரத்துத் தகட்டுக்குப் போனது.

இரட்டை எர்த். பயராபீஸில் வேலை செய்கிற யாருக்கும் அது தெரியும். மருந்து அறைக்கு ஒரு எர்த் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும். போர்மேன் அதே முறையில் ஒன்றைப் பாடியில் கட்டிவிட்டு, இரண்டாவதற்கு இன்ஜின் பக்கம் ஒரு கறுப்பு ஒயரைத் தேடியிருக்கிறார். இணைப்பு இருந்தால் பீப் என்று கத்துகிற டெஸ்டரை வைத்துப் பார்த்திருப்பார். பேட்டரி மைனஸுக்குப் போகிறது என்று டெஸ்டர் கத்தியிருக்கும். அது பொய்யும் இல்லை. மூளைப் பெட்டிக்குள் நுழைந்து அந்த ஒயரும் கடைசியில் மைனஸுக்குத்தான் போகிறது.

அப்படிக் கட்டியும் சில மாதம் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறதே என்று, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தொட்டேன். பச்சையாகப் பூத்துப்போய், நாலைந்து செம்பு நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அது நன்றாக இருந்தவரை லைட்டும் ஃபேனும் எடுத்த மின்சாரம் அதன் வழியாகத் திரும்பிப் போயிருக்கிறது. அது இற்றுப்போனதும் மின்சாரம் வேறு வழி தேடி, போர்மேன் கட்டிய இரண்டாவது எர்த்தில் ஏறி, சென்சாரின் மெல்லிய ஒயருக்குள் புகுந்துவிட்டது.

ஒன்று அறுந்துபோகும் என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். அதேபோல ஒன்று அறுந்துதான் போயிருக்கிறது. அவருடைய பயம் சரி. கட்டிய இடம்தான் தவறு.

மாமாவிடம் காட்டியதும் அவருக்கு முதலில் சந்தோஷம், பிறகு கலவரம்.

"இதுதானா? இந்தக் கம்பியா? அப்ப வெட்டி விட்ரு. டேப்ப ஒட்டிரு. தகடு பாட்டுக்கு அங்கனயே இருக்கட்டும். ஒண்ணுதான் பாடியில இருக்கே."

"போர்மேன்கிட்ட சொல்லணும் மாமா."

"கிறுக்குப் பிள்ள. அவரு கையால கட்டுனது. அதுதான் கோளாறுன்னு நீ போயிச் சொன்னா, வண்டி நிக்காட்டாலும் என் ஓட்டம் நின்னு போகும்."

அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் கத்தி நின்றுவிட்டது.

"ரெண்டு இருக்குன்னு நெனச்சுத்தான் அம்மா கைய வைக்கிது," என்றேன். "ஒண்ணுதான் இருக்கும். அந்த ஒண்ணு எப்படி இத்துப்போச்சுன்னு இப்பத்தான் பாத்தீக."

மாமா பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, ரெண்டாவத வேற எடத்துல கட்டு. நல்லாக் கட்டு. சொல்லத்தான் வேணுமா?"

"சொல்லாட்டி, வெட்டுன எடத்தப் பாத்துட்டு அடுத்த சீசனுக்கு அவரே வந்து பழைய ஒயருலயே கட்டுவாரு. அப்ப மறுபடியும் பாலத்துல நிப்பீக."

அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சொல்லட்டும்டா."

அன்று சாயங்காலத்துக்குள் புதுப் பட்டை போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கினேன். சென்சார் ஒயரைப் பிரித்துப் பற்றவைத்து மூடினேன். தகட்டிலிருந்து வரும் இரண்டாவது கம்பியை எதிலும் தொடவிடாமல் தனியாக இழுத்துப் பேட்டரி மைனஸிலேயே நேராக மாட்டினேன். மறுபடி லைட், ஃபேன், வைப்பர், ஹாரன், எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீட்டரை வைத்தேன். பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பெண்கள் இறங்கிய பிறகு போர்மேனைக் கேட்டுக்கு வெளியே வரச்சொல்லிக் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. மாமா நாலடி பின்னால் தள்ளி நின்று, வானத்தில் ஏதோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டுனது தப்புங்கிறியா தாயி? இருபது ரூமுக்கு எர்த் பாக்குறவன் நான். டெஸ்டர் வச்சுத்தான் கட்டுனேன்."

"டெஸ்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு. அது கத்துறதுக்குத் தலமுடி அளவு கம்பி போதும் சார். இம்புட்டு லைட்டத் தாங்குறதுக்கு அது பத்தாது. இத அளந்து பாக்கணும்னா லைட்டு ஃபேனெல்லாம் போட்டு, பாரத்த ஏத்திப் பாக்கணும்."

அவரை நம்பச் சொல்லவில்லை. ஒரு துண்டு ஒயரை எடுத்து, புதுப் பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய மாதிரியே தற்காலிகமாகக் கோத்துக் காட்டினேன். லைட்டைப் போட்டதும் மீட்டர் ஏறியது. பட்டையை மாட்டி, கம்பியை இடம் மாற்றியதும் இறங்கியது. அவரே இன்னொரு தடவை செய்து பார்த்தார். கீழே குனிந்து பேட்டரி வரைக்கும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனார். முறுக்கிய இடத்தை இழுத்துப் பார்த்தார். இற்றுப்போன பழைய பட்டையை மாமா கொண்டுவந்து கொடுத்தார். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு போயிருச்சு பாத்தியா," என்றார் கடைசியில். குரலில் ஒரு திருப்தி இருந்தது. "அதுக்குத்தான் ரெண்டு கட்டுறது."

"அதான் ரெண்டையும் கட்டியிருக்கேன் சார்."

டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டே மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்குச் சாயங்காலம் பாலத்துல ஏறட்டும். ஏறுச்சுன்னா ஓட்டம் ஒனக்குத்தான்." பிறகு, போகப் போனவர் நின்று, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "தாயி, இதே மாதிரி இன்னும் ரெண்டு வண்டியில கட்டியிருக்கேன். அதுக இன்னும் நிக்கல. நிக்குறதுக்கு முன்னாடி ஒங்க ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி விடுறேன்."

அன்று சாயங்காலம் நான் வேனில் போகவில்லை. போயிருக்கலாம். முதலாளிகூடக் கேட்டார். சரியாகச் செய்த வேலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வீறாப்பு. ஆனால் இருட்ட ஆரம்பித்ததிலிருந்து ஊர் முக்கில்தான் நின்றுகொண்டிருந்தேன், யாருக்கோ காத்திருப்பது போல.

தூரத்தில் இரண்டு லைட்டும் முழுசாக எரிய, வேன் வந்தது. உள்ளே எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா ஹாரனை ஒரு தேவையும் இல்லாமல் நீளமாக அடித்தார்.

"பாலத்துல நாடகமே இல்ல தாயி. ஒரே போரு," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள் அந்த அத்தை.

அம்மா கடைசியாக இறங்கினாள். என்னோடு நடந்தாள். தெருவிளக்கில் அவளுடைய நகங்கள் மின்னின. என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அவள் அதுவரை எதுவும் கேட்டதில்லை. பரீட்சை முடிந்துவிட்டதா, சாப்பிட்டாயா, இவ்வளவுதான். மற்றதெல்லாம் தனக்குப் புரியாத இடம் என்று விலகியே நிற்பாள்.

"அந்தத் தகடு," என்றாள். "இப்ப ரெண்டும் போகுதுல்ல?"

"ரெண்டும் போகுதும்மா. ஒண்ணு பாடிக்கு. இன்னொண்ணு நேரா பேட்டரிக்கு."

"ஒண்ணு அந்துபோனா?"

"இன்னொண்ணு தாங்கும். அந்துபோனது ஒனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. நான் அப்பப்ப வந்து பாத்துக்கிருவேன்."

தலையாட்டினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் தோளிலிருந்த டூல் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கனமான பை. வீடு வரைக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.